மறுபடி ஓட்டினால் ஓடுமா? கணிப்பு நோட்புக் கருவிகள்: ஓர் ஒப்பாய்வு

2019ஆம் ஆண்டில் ஜுவாவ் பிமென்டெல், ஜூலியானா ஃப்ரெய்ரே உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள், கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லோருக்கும் திறந்து கிடந்த ஏறத்தாழ 14 லட்சம் ஜுபிட்டர் நோட்புக்குகளைத் திரட்டினார்கள். ஓட்டிப் பார்க்கத் தகுந்தவை என்று தேறிய 8.6 லட்சத்துச் சொச்சத்தைக் கணினியிலிட்டு ஓட்டினார்கள். பிழை காட்டி நடுவில் நிற்காமல் கடைசிவரை ஓடியவை 24 சதவீதம். எழுதியவர் சேமித்து வைத்திருந்த அதே விடையை மறுபடியும் தந்தவை 4 சதவீதம்.

ஏதோ மாணவர்கள் விளையாட்டாகப் போட்டு வைத்தவை என்று இதைத் தள்ளிவிட முடியாது. உயிர்மருத்துவ ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளோடு இணைந்த நோட்புக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த இன்னோர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. அதில் கணக்கில் வந்தவை 27,271. பிழையின்றி ஓடியவை 1,203. அதே விடையைத் தந்தவை 879.

ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் அப்படியே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கொண்டாடப்படும் கருவி இது. அந்த வேலையிலேயே இப்படித் தோற்கிறது என்றால், நோட்புக் கருவிகளை நாம் ஒப்பிடும் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும். எதில் எழுத்து அழகாக இருக்கிறது, எதில் குறுக்குவிசைகள் அதிகம், எது இலவசம் என்று அட்டவணை போடும் ஒப்பீடுகள் ஏராளம். நான் கேட்க நினைக்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் இன்று எழுதியதை அடுத்த வருடம், வேறொருவர், வேறொரு கணினியில் ஓட்டினால் ஓடுமா?

இந்தக் கருவிகளைப் பயன்படுத்தியிராதவர்களுக்காகச் சுருக்கமாக: நோட்புக் என்பது உலாவியிலோ எடிட்டரிலோ திறக்கும் ஒரு பக்கம். அதில் செல் எனப்படும் கட்டங்கள் இருக்கும். சில செல்களில் நிரல், சிலவற்றில் விளக்கம். நிரல் செல்லை ஓட்டினால் விடையோ அட்டவணையோ வரைபடமோ அதன் கீழேயே வந்து விழும். பின்னால் கெர்னல் என்ற தனி நிரல் ஓடிக்கொண்டிருக்கும். நாம் உருவாக்கும் மாறிகளெல்லாம் அதன் நினைவகத்தில்தான் இருக்கும். நாம் காண்பது பக்கம். கணக்கு நடப்பது கெர்னலில். இந்த இரண்டும் வெவ்வேறு என்பதை மறந்தால் கீழே வரும் எதுவும் விளங்காது.

2019 ஆய்வில் தட்டுப்பட்ட பிழைகளில் முன்னணியில் நின்றவை மூன்று வகை. நிரல் கேட்கும் லைப்ரரி கணினியில் இல்லை. நிரல் குறிப்பிடும் மாறியே எங்கும் உருவாக்கப்படவில்லை. நிரல் திறக்க முயலும் தரவுக் கோப்பு அங்கே இல்லை. லைப்ரரிப் பிழை, பெயர்ப் பிழை, கோப்புப் பிழை என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் எதை எந்தக் கருவி தடுக்கிறது என்று பார்த்தாலே போதும், கருவிகளின் தரம் தானாகத் தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது

விளக்கத்தையும் நிரலையும் ஒரே ஆவணமாக எழுத வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பெயர் சூட்டியவர் டொனால்ட் நூத். 1984இல் அவர் எழுதிய கட்டுரை, நிரலைக் கணினிக்கான கட்டளையாக மட்டுமன்றி மனிதர் வாசிக்கும் நூலாகவும் எழுதச் சொன்னது. தம்முடைய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளை அவர் அப்படித்தான் எழுதினார். ஆனால் நூத்தின் முறையில் விடை பக்கத்தில் வராது. எழுத்தும் நிரலும் விடையும் ஒரே பக்கத்தில் கலந்த வடிவத்தை 1988இல் மேதமேடிகா கொண்டுவந்தது. ஸ்டீபன் வுல்ஃப்ராமின் நிறுவனத்தில் அந்த முகப்பை வடிவமைத்தவர் தியோடர் கிரே. உள்ளிட்டதற்கு ஓர் எண், வந்த விடைக்கு அதே எண் என்ற வழக்கமும், முகப்பும் கெர்னலும் தனித்தனி என்ற அமைப்பும் அதில் முதல் பதிப்பிலேயே இருந்தன.

2001இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், ஆய்வேட்டை எழுதி முடிப்பதற்குப் பதில் பைத்தானில் 259 வரி நிரல் ஒன்றை எழுதினார். பைத்தானுக்கும் மேதமேடிகா போன்ற எண்ணிட்ட உள்ளீடு வேண்டும் என்பதுதான் ஆசை. அதுதான் ஐபைத்தான். அது உலாவியில் ஓடும் நோட்புக்காக வளர்ந்தது 2011 இறுதியில். இடையில் வில்லியம் ஸ்டைனின் சேஜ் திட்டம் உலாவி நோட்புக்கை ஏற்கெனவே கணிதவியலாளர்களிடம் பழக்கிவிட்டிருந்தது. அதை யாரும் இன்று அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. 2014இல் ஐபைத்தானிலிருந்து மொழிசாராப் பகுதி பிரிந்து ஜுபிட்டர் ஆனது. ஜூலியா, பைத்தான், ஆர் என்ற மூன்று மொழிகளை மனதில் வைத்துத் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கெர்னல்கள் உண்டு.

பிறகு நடந்தது வெள்ளம். 2015இல் கிட்ஹப்பில் ஏறத்தாழ இரண்டு லட்சமாக இருந்த ஜுபிட்டர் நோட்புக்குகள் 2018 செப்டம்பரில் 25 லட்சத்தைத் தாண்டின. ஈர்ப்பலையை முதன்முதலாகக் கண்டறிந்ததாக லைகோ குழு 2016 பிப்ரவரியில் அறிவித்தபோது, அந்தச் சமிக்ஞையை யாரும் தாமே பகுத்துப் பார்க்க நோட்புக்குகளையும் வெளியிட்டது. 2018இல் பொருளியல் நோபல் பெற்ற பால் ரோமர், அதே ஆண்டில் சில மாதங்களுக்கு முன்பு, மேதமேடிகாவைக் கைவிட்டு ஜுபிட்டருக்கு மாறியதற்கான காரணங்களை வெளிப்படையாக எழுதினார். தம்முடைய கணக்கைப் பிறர் பார்க்க அவர்களும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை நாட வேண்டியிருந்தது என்பதே அவருடைய மனக்குறையின் சாரம்.

ரோமர் சொன்னது நியாயம். ஆனால் மேதமேடிகாவின் பக்கம் ஒன்று சொல்லியாக வேண்டும். அதில் லைப்ரரிப் பிழை அநேகமாக வராது. வேண்டிய பெரும்பாலான செயற்கூறுகள் மென்பொருளுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பழைய நோட்புக்குகளும் புதிய பதிப்பில் திறக்க வேண்டும் என்பதில் அந்த நிறுவனம் பிடிவாதமாக இருந்துவந்திருக்கிறது. ஜுபிட்டரின் சுதந்திரம், பைத்தான் உலகத்தின் ஆயிரக்கணக்கான லைப்ரரிகளை அவரவர் போக்கில் மாறவிட்டுப் பெற்ற சுதந்திரம். அந்த விலையைத்தான் 24 சதவீதம் என்ற எண்ணில் பார்க்கிறோம்.

மறைந்திருக்கும் நிலை

பெயர்ப் பிழைதான் நோட்புக்குக்கே உரிய பிழை. மற்ற இரண்டும் எந்த நிரலிலும் வரும். இது எப்படி நேர்கிறது என்பதைச் சின்ன எடுத்துக்காட்டில் பார்க்கலாம். முதல் செல்லில் "விலை = 100" என்று எழுதுகிறோம். இரண்டாவதில் வரி சேர்க்க "விலை = விலை * 1.18". ஓட்டினால் 118. சரி. ஏதோ ஞாபகத்தில் இரண்டாவது செல்லை இன்னொரு முறை ஓட்டிவிட்டால் 139.24. பக்கத்தைப் பார்ப்பவருக்கு நிரல் அதேதான். எந்த எழுத்தும் மாறவில்லை. விடை மட்டும் தவறு.

இன்னொன்று. முதல் செல்லை அழித்துவிடுகிறோம். பக்கத்தில் அது இல்லை. ஆனால் கெர்னலின் நினைவில் "விலை" இருந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள செல்கள் எல்லாம் ஒழுங்காக ஓடும். நாளைக்குக் கணினியை மூடித் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். பேரேட்டில் ஏட்டைக் கிழித்துவிட்டுத் தொகையைக் கணக்குப்பிள்ளையின் நினைவில் மட்டும் வைத்திருக்கும் கடையைப் போன்றது இது. அவர் இருக்கும்வரை வியாபாரம் நடக்கும்.

2018இல் நியூயார்க்கில் நடந்த ஜுபிட்டர் மாநாட்டிலேயே மேடையேறி, தமக்கு நோட்புக் பிடிக்காது என்று ஜோயல் கிரஸ் பேசினார். அழைத்த வீட்டிலேயே குறை சொன்ன அந்தப் பேச்சு பரவலாகப் பேசப்பட்டது. அவருடைய வாதத்தின் மையம் இந்த மறைந்திருக்கும் நிலைதான்: செல்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்ற வசதி, கற்றுக்கொள்பவரைக் குழப்பி, தேர்ந்தவரையும் ஏமாற்றுகிறது. அதோடு, நோட்புக் வளர வளர நல்ல நிரலாக்கப் பழக்கங்கள், செயற்கூறாகப் பிரிப்பது, சோதனை எழுதுவது எல்லாம் தேய்ந்துபோகின்றன என்றார்.

எதிர்வாதமும் வலுவானது. தரவைப் படிக்கவே அரை மணி நேரம் ஆகும், மாதிரியைப் பயிற்றுவிக்க ஒரு ராத்திரி ஆகும் என்றால், அந்த விடையை நினைவகத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள இரண்டு வரியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் அறிவுள்ள வேலை. தேடல் என்பது நேர்கோட்டில் நடப்பதில்லை. ஜுபிட்டர் இந்தத் தேடலுக்கு இடம் கொடுத்தது; அதனால்தான் வென்றது. சிக்கல், தேடிய பக்கத்தையே முடிவாக அனுப்பும்போது தொடங்குகிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நோட்புக்குகளை அலசிய 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், நான்கில் ஒன்றில் விளக்க எழுத்தே இல்லை. நூத் கனவு கண்ட நூல் அல்ல அது, கிறுக்கல் தாள். கிறுக்கல் தாளுக்கும் தேவை இருக்கிறது. அதை ஆய்வுக்கட்டுரையின் பின்னிணைப்பாக ஒட்டக் கூடாது.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

கருவி வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, கோப்பு எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது என்பது. ஜுபிட்டர் கோப்பு ஜேசான் வடிவில் இருக்கும். நிரல், விளக்கம், விடை, ஓட்டிய வரிசை எண், படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே. படங்கள் நீண்ட எழுத்துச்சரங்களாக மாற்றப்பட்டுத் திணிக்கப்பட்டிருக்கும். இதில் பெரிய நன்மை உண்டு: கோப்பைப் பெறுபவர் ஒன்றையும் ஓட்டாமலே விடையைப் பார்க்கலாம். கிட்ஹப் 2015 முதல் இக்கோப்புகளை அப்படியே பக்கமாகக் காட்டுகிறது. ஜுபிட்டர் பரவியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ஒரு செல்லை வெறுமனே மறுபடி ஓட்டினாலே வரிசை எண் மாறும். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் அது ஒரு மாற்றமாகப் பதிவாகும். இரண்டு பேர் ஒரே நோட்புக்கில் வேலை செய்து இணைக்கப் போனால், முரண் குறியீடுகள் ஜேசானுக்குள் புகுந்து கோப்பே திறக்காமல் போகும். இதற்கென்று என்பிடைம் என்ற ஒப்பீட்டுக் கருவி வந்தது. ஜுபிடெக்ஸ்ட் என்ற துணைக்கருவி, நோட்புக்கோடு ஒரு சாதாரண பைத்தான் கோப்பையும் இணையாகப் பராமரிக்கும். கிட்டுக்கு அதை மட்டும் அனுப்பினால் போதும். ஜுபிட்டரில் குழுவாக வேலை செய்பவர்கள் ஜுபிடெக்ஸ்ட் இல்லாமல் இருப்பது தாமே வரவழைத்துக்கொள்ளும் தொல்லை என்பேன்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஜுபிட்டர்லேப், பழைய ஜுபிட்டர் நோட்புக், விஎஸ் கோட், கோலாப், கேகிள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறார்கள். இவை எல்லாம் ஒரே வகைக் கோப்பைத் திறக்கும் வெவ்வேறு முகப்புகள். 2023இல் வந்த நோட்புக் 7ஆம் பதிப்பு, ஜுபிட்டர்லேப்பின் உறுப்புகளைக் கொண்டே கட்டப்பட்டது. விஎஸ் கோடில் பிழைதிருத்தும் வசதி நன்றாக இருக்கும். ஜுபிட்டர்லேப்பில் பல சாளரங்களை அடுக்க எளிது. பழக்கத்துக்கு ஏற்ப எதையும் எடுத்துக்கொள்ளலாம். மறைந்திருக்கும் நிலை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஒன்று மாறினால் எல்லாம் மாறும்

பெயர்ப் பிழையை வேரோடு பிடுங்க முயன்றவர்கள் வேறு வழியில் போனார்கள். எந்தச் செல் எந்த மாறியை உருவாக்குகிறது, எந்தச் செல் அதைப் பயன்படுத்துகிறது என்பதைக் கருவியே படித்துத் தெரிந்துகொள்ளும். ஒன்றை மாற்றினால், அதைச் சார்ந்த செல்கள் எல்லாம் தாமே மறுபடி ஓடும். ஒரு செல்லை அழித்தால் அதன் மாறியும் நினைவிலிருந்து அழியும். புதிய யோசனை அல்ல. 1979இல் விசிகால்க் விரிதாளில் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செய்து காட்டியதுதான். எக்செல்லில் ஓர் எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை மாறுவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நோட்புக்குகள் அந்த இடத்துக்கு வந்துசேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

அப்சர்வபிள் 2018இல் ஜாவாஸ்கிரிப்டுக்காக இதைச் செய்தது. டி3 வரைபட லைப்ரரியை உருவாக்கிய மைக் போஸ்டாக் இதன் நிறுவனர்களில் ஒருவர். அதில் செல்களின் வரிசைக்கே பொருள் இல்லை. முடிவை முதலில் வைத்து, தரவைப் படிக்கும் நிரலைக் கடைசியில் வைக்கலாம். தரவுக் கோப்பை நோட்புக்கோடு சேர்த்தே ஏற்றிவைக்க முடிவதால் கோப்புப் பிழையும் பெரும்பாலும் இல்லை. மூன்று பிழைகளையும் ஒருசேர எதிர்கொண்ட கருவி என்று பார்த்தால் இதுதான். ஆனால் நெடுநாள் எல்லாம் அந்நிறுவனத்தின் தளத்தில்தான் இருந்தன. எழுதும் மொழியும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து சற்று விலகிய தனிவழக்கு. 2025இல் அறிமுகமான இரண்டாம் பதிப்பு, வழக்கமான ஜாவாஸ்கிரிப்டுக்கும் நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் கோப்புக்கும் திரும்பியது. இந்தக் குறைகளை அவர்களே உணர்ந்ததற்கு அதுவே சான்று.

ஜூலியா மொழிக்கு ஃபோன்ஸ் வான் டெர் பிளாஸ் 2020இல் புளூட்டோவை வெளியிட்டார். அதே ஆண்டு எம்ஐடியின் கணிப்புச் சிந்தனைப் பாடத்தில் அது பயன்பட்டது. புளூட்டோ சாதாரண ஜூலியா கோப்பாகச் சேமிக்கப்படும். 2021 முதல், பயன்படுத்திய லைப்ரரிகளின் துல்லியமான பதிப்புப் பட்டியலும் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறது. திறப்பவரின் கணினியில் அதே பதிப்புகள் தாமே நிறுவப்படும். பெயர்ப் பிழை, லைப்ரரிப் பிழை இரண்டையும் பயனர் ஒன்றும் செய்யாமலே தீர்த்த விதத்தில் இதைவிடச் சுத்தமான வடிவமைப்பு இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து. அதன் குறை ஒன்றுதான்: உலகம் ஜூலியாவில் எழுதவில்லை.

பைத்தானுக்கு அந்த இடத்தைப் பிடிக்க வந்தது மரிமோ. கோப்பு சாதாரண பைத்தான் கோப்பு. ஒரு மாறியை ஒரு செல் மட்டுமே உருவாக்கலாம் என்பது அதன் கடும் விதி. மேலே பார்த்த "விலை = விலை * 1.18" கதை இதில் நடக்கவே நடக்காது, "விலை" இரண்டு செல்களில் வருகிறது என்று மறுத்துவிடும். ஜுபிட்டரில் ஊறியவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். ஒரே பெயரை மறுபடி மறுபடி எழுதும் பழக்கம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். தேவையான லைப்ரரிகளின் பட்டியலைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதி, யுவி என்ற கருவியின் துணையோடு தனிச் சூழலில் ஓட்டவும் வழி உண்டு.

இவற்றின் குறைகளையும் மறைக்க வேண்டாம். பட்டியல் ஒன்றை ஒரு செல்லில் உருவாக்கி, வேறொரு செல்லில் அதற்குள் உறுப்பைச் சேர்த்தால், அந்த உள்மாற்றத்தை மரிமோ கண்டுகொள்ளாது. ஒரு ராத்திரி ஓடும் செல் தானாக மறுபடி தொடங்கிவிட்டால் என்ன ஆவது என்ற பயமும் நியாயமானது. அதற்காகத் தானாக ஓடாமல், பழசாகிவிட்டது என்று குறி மட்டும் காட்டும் முறையை வைத்திருக்கிறார்கள். புளூட்டோ, மரிமோ இரண்டின் மூலக்கோப்பிலும் விடைகள் இருக்காது. கிட்ஹப்பில் பார்ப்பவருக்கு நிரல் மட்டுமே தெரியும். விடையைக் காட்ட வேண்டுமென்றால் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

விடை நிரலைப் பின்பற்றுகிறது என்பது, நிரல் சரி என்பதற்கு உத்தரவாதமும் ஆகாது. ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்களின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை எண்ணிப் பாருங்கள். விரிதாளில் சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. விரிதாள் தன் கடமையைச் சரியாகவே செய்தது. 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் மூலக் கோப்பைப் பெற்றுப் பார்த்த பிறகே தவறு வெளியானது. நோட்புக் விரிதாளைவிட மேல் என்றால், அதில் சூத்திரம் கட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதில்லை என்பதால்தான்.

நெட்ஃபிளிக்ஸ் 2019இல் வெளியிட்ட பாலிநோட் நடுவழி ஒன்றை முயன்றது: ஒரு செல்லுக்குத் தெரிவது அதற்கு மேலே ஓடிய செல்களின் மாறிகள் மட்டும். நல்ல யோசனை, ஆனால் பரவவில்லை. அப்பாச்சி செப்பலினும் டேட்டாபிரிக்ஸும் பெருந்தரவு நிறுவனங்களின் உலகம். அங்கே கருவியைத் தேர்வது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

ஆவணமாக எழுதுவது

புள்ளியியலாளர்கள் தொடக்கத்திலிருந்தே வேறு பாதையில் நடந்தார்கள். 2002இல் ஃபிரெட்ரிக் லைஷின் ஸ்வீவ், 2012இல் யீஹுய் ஷியேயின் நிட்டர், பிறகு ஆர் மார்க்டவுன், 2022இல் குவார்ட்டோ. எழுதுவது சாதாரண உரைக்கோப்பு. நடுநடுவே நிரல் துண்டுகள். பொத்தானை அழுத்தினால் புதிய அமர்வில் மேலிருந்து கீழ்வரை ஓடி, வலைப்பக்கமாகவோ பிடிஎஃப் ஆகவோ வேர்டு கோப்பாகவோ வரும். எழுதும்போது துண்டுகளைக் கன்னாபின்னாவென்று ஓட்டியிருந்தாலும், அறிக்கை உருவாகும்போது மறைந்த நிலை மிஞ்சாது. ஒழுங்கைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வேலையை முடிக்கும் வழியே ஒழுங்கான வழியாக அமைந்துவிட்டது. ஓர் எச்சரிக்கை: ஜுபிட்டர் கோப்பையே குவார்ட்டோவுக்குக் கொடுத்தால், கேட்டாலொழிய அது மறுபடி ஓட்டாது, சேமித்திருந்த பழைய விடையையே அச்சிட்டுத் தரும்.

ஈமேக்ஸ் எடிட்டரில் ஆர்க்-மோட் வைத்து இதையெல்லாம் வெகுகாலமாகச் செய்துவருபவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

வாடகை வீடு

2017இல் பொதுவெளிக்கு வந்த கூகுள் கோலாப், ஏராளமான மாணவர்களுக்கு முதல் நோட்புக். நிறுவ வேண்டியது ஒன்றுமில்லை, உலாவி போதும், விலை உயர்ந்த ஜிபியு கொஞ்ச நேரத்துக்கு இலவசம். நல்ல கணினி வாங்க வழியில்லாத மாணவருக்கு ஆழ்கற்றலின் கதவைத் திறந்துவிட்டதில் இதற்கு இணை வேறில்லை. அதை மறுப்பவர் வறுமை அறியாதவர். ஆனால் இலவச அமர்வு அதிகபட்சம் 12 மணி நேரம். சும்மா விட்டால் அதற்கு முன்பே துண்டிக்கப்படும். அமர்வுக்காக கூகுள் தரும் மெய்நிகர் கணினியில் வைத்த கோப்புகள் அதோடு போகும். முன்கூட்டி நிறுவப்பட்ட லைப்ரரிகளின் பதிப்புகளை கூகுள் அவ்வப்போது மாற்றும். போன பருவத்தில் ஓடிய பாட நோட்புக் இந்தப் பருவத்தில் ஓடாமல் போவது இதனால்தான்.

பைண்டர் இதற்கு நேர்மாறு. நோட்புக்கோடு லைப்ரரிப் பட்டியலையும் கிட்ஹப்பில் வைத்தால், அதே சூழலை உருவாக்கி உலாவியில் திறந்து காட்டும். வேகம் குறைவு, ஜிபியு கிடையாது. ஆனால் 'ஓடுமா' என்ற கேள்விக்கு நேர்மையான பரிசோதனைக்கூடம் அது. ஜுபிட்டர்லைட் இன்னும் ஒரு படி மேலே போய், பைத்தானையே உலாவிக்குள் ஓட்டுகிறது. சர்வரே வேண்டாம். முதல் தடவை பல மெகாபைட் இறங்கும், எல்லா லைப்ரரியும் கிடைக்காது, பெரிய தரவு தாங்காது. அறிமுகப் பாடம் நடத்த இது போதும். ஒவ்வொரு கணினியிலும் பைத்தான் நிறுவ முடியாத கல்லூரி ஆய்வகங்கள் இதை முயன்று பார்க்கலாம்.

தமிழ் எழுதினால்

இந்த ஒப்பீட்டை ஆங்கில உலகம் செய்வதில்லை. நாம்தான் செய்துகொள்ள வேண்டும். விளக்கச் செல்களில் தமிழ் எந்தச் சிக்கலும் இல்லாமல் வரும், காட்டுவது உலாவி. 2008இல் வந்த பைத்தான் 3 முதல், மாறிகளுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். மேலே எழுதிய "விலை = விலை * 1.18" அப்படியே ஓடும் நிரல்.

தொல்லை வரைபடத்தில் தொடங்கும். பைத்தானில் பெரும்பாலோர் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப், இயல்பு எழுத்துருவில் தமிழே இல்லாததால் முதலில் வெறும் கட்டங்களைக் காட்டும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் அடுத்த சிக்கல்: பரவலாக நிறுவப்பட்டிருக்கும் பதிப்புகளில் அது குறியீடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். 'சென்னை' என்று அச்சில் எழுதினால் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். மாவட்டப் பெயர்களோடு வரைபடம் போடப் போனவர்கள் பலர் இந்த இடத்தில் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. பிளாட்லி, ஆல்டேர் போன்ற லைப்ரரிகள் வரைவதை உலாவியிடம் விட்டுவிடுவதால் தமிழ் ஒழுங்காக வரும். ஜுபிட்டரிலும் மரிமோவிலும் இவை ஓடும். அப்சர்வபிளில் எல்லாமே உலாவி என்பதால் இந்தப் பிரச்சினையே எழாது. ஆர் மொழியில் ராக் என்ற வரைகருவி எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது.

பிடிஎஃப் ஆக்கும்போதும் இதே கதை. ஜுபிட்டரின் வழக்கமான ஏற்றுமதி லாடெக் வழியே போகிறது; அதன் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லாததால் விளக்கமெல்லாம் காணாமல் போன பக்கம் வரும். உலாவி வழியே பிடிஎஃப் ஆக்கும் மாற்று வழி அதே கருவியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். குவார்ட்டோவில் தமிழ் எழுத்துருவின் பெயரைக் கோப்பின் தலைப்பில் குறிப்பிட வேண்டும்.

எதை எடுப்பது

பைத்தானில் புதிதாகத் தொடங்குபவர், பழைய நோட்புக் சுமை இல்லாதவர் என்றால் மரிமோ. அதன் விதிகள் தொடக்கத்திலேயே நல்ல பழக்கத்தைத் திணிக்கும். அறிக்கை, ஆய்வேடு, பாடக்குறிப்பு எழுதுபவருக்குக் குவார்ட்டோ. எந்த மொழியில் நிரல் எழுதினாலும் சரி. ஜூலியா என்றால் புளூட்டோவைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஊடக வரைபடங்களுக்கு அப்சர்வபிள். நீண்ட பயிற்சிகள் ஓட்டுபவரும், ஏற்கெனவே ஜுபிட்டரில் குழுவாக வேலை செய்பவரும் மாற வேண்டியதில்லை, ஜுபிடெக்ஸ்டைச் சேர்த்துக்கொள்ளட்டும். குறியீட்டுக் கணிதம் அன்றாட வேலை, கட்டணத்தை நிறுவனம் ஏற்கும் என்றால் மேதமேடிகா இன்னும் தன் இடத்தில் அசையாமல் இருக்கிறது. கோலாபில் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் தரவையும் லைப்ரரிப் பட்டியலையும் உங்கள் கையில் வைத்திருங்கள்.

உங்கள் கணினியில் ஓடும் எந்தக் கருவியும் கோப்புப் பிழையை உங்களுக்காகத் தீர்த்துத் தராது. உங்கள் மேசைக்கணினியின் கோப்புறைப் பாதையை நிரலில் எழுதினால், அது உங்கள் மேசையில் மட்டும்தான் ஓடும். தரவைச் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பக் கூடாத தரவு என்றால், அதே வடிவில் ஒரு சிறு மாதிரியையாவது வையுங்கள்.

நோட்புக்கை ஒப்படைப்பாகப் பெறும் ஆசிரியர்களும், கட்டுரையோடு பெறும் ஆய்விதழ்களும் மதிப்பெண்ணுக்கும் ஏற்புக்கும் முன் அதைப் புதிய கணினி ஒன்றில் ஓட்டிப் பார்ப்பதை விதியாக்க வேண்டும். எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்தக் கருவியில் எழுதினாலும், அனுப்பும் முன் கெர்னலை ரீஸ்டார்ட் செய்து எல்லாச் செல்களையும் ஒருமுறை ஓட்டுங்கள். முடிந்தால் அதை இன்னொருவர் கணினியில் செய்யுங்கள்.